வெஸ்ட்மின்ஸ்டரில் யார் சொன்னால் கேட்கிறார்கள்?

"சனம் திரண்டால் இந்த நாட்டில் அரசாங்கம் கேட்கும்." லண்டன் தமிழர் கூடுகிற எந்த இடத்திலும், கோயில் மண்டபமோ தமிழ்ப் பள்ளி வாசலோ, யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். வட்ஸ்அப்பில் ஒரு மனுவின் இணைப்பு வரும்போது கூடவே இந்த வசனமும் வரும். பத்தாயிரம் கையெழுத்துச் சேர்ந்தால் அரசு பதில் எழுதும், ஒரு லட்சம் சேர்ந்தால் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள், ஆகவே எல்லோரும் போடுங்கோ என்று. நானும் போடுவேன். ஆனால் அந்த வசனத்தை முழுதாக நம்பவும் முடியாமல், பொய் என்று தள்ளவும் முடியாமல் பல வருடம் கழிந்துவிட்டது.

இந்த வருடம் என் பெறாமகள் ஏ லெவலில் அரசியல் படிக்கிறாள். அழுத்தக் குழுக்கள், கொள்கை எழுதிக் கொடுக்கிற சிந்தனைக் குழாம்கள் (think tanks), அமைச்சர்களை அணுகித் தங்கள் பக்கம் சாய்க்கப் பார்க்கும் லொபிக்காரர்கள், ஊடகங்கள் எல்லாம் பிரித்தானிய அரசியலை எப்படித் திருப்புகின்றன என்று ஒரு பாடம் இருக்கிறது. அவளுடைய குறிப்பில் வென்ற போராட்டம் ஒன்றுக்கு உதாரணமாக, பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்த நேபாளத்துக் கூர்க்காக்களின் கதை இருந்தது. வருடம் 2009. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. "சித்தப்பா, நீங்களும் 2009இலதானே பாராளுமன்றத்துக்கு முன்னால நின்டனீங்கள்? அவைக்கு மூன்று கிழமையில கிடைச்சது. உங்களுக்கு ஏன் கிடைக்கேல்ல?" என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, பரீட்சைக்குத் தேவைப்பட்டதால் கேட்டாள். அது வெளிநாட்டு விவகாரம், இது உள்நாட்டு விவகாரம் என்று நான் சொன்ன பதிலை அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அது போதவில்லை. அதிலிருந்து இதையே வாசித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன்.

ஒரே சதுக்கம், ஒரே கிழமைகள்

இலங்கையின் வன்னியில், இறுதிப் போரில், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 6ஆம் திகதி இளைஞர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்தார்கள். அன்று பாராளுமன்றச் சதுக்கத்தில் தொடங்கிய போராட்டம் 73 நாள் நீண்டது. ஏப்ரல் 11 ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். வேலை முடிந்து ஜூபிலி ரயிலில் வந்து இறங்கினால் படியேறும்போதே பறைச் சத்தம் கேட்கும். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார், ஊரில் தொலைபேசிக்கு யாரும் பதில் சொல்லாத பதற்றத்தோடு நின்ற முதியவர்கள், பல்கலைக்கழகப் பரீட்சையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: போரை நிறுத்தச் சொல்லுங்கள்.

அதே கிழமைகளில் அதே கட்டடத்துக்கு வெளியே இன்னொரு கூட்டமும் வந்து போய்க்கொண்டிருந்தது. பிரித்தானிய இராணுவத்தில் சேவை செய்து 1997க்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்கள், தங்களுக்கும் இங்கே குடியிருக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். 2008 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம், அரசின் கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2009 ஏப்ரல் 24ஆம் திகதி அரசு புதிய விதிகளை வெளியிட்டபோது, அதில் தகுதி பெறக்கூடியவர்கள் நூறு பேர் அளவில்தான் என்று போராட்டக்காரர் சொன்னார்கள்; இல்லை, நாலாயிரத்துக்கு மேல் என்றது அரசு. அவர்களுக்காகப் பேச வந்தவர் நடிகை ஜோனா லம்லி. அவருடைய தகப்பனார் கூர்க்காப் படையணியில் அதிகாரியாக இருந்தவர் என்பதால் நடிகை ஒருவர் சும்மா வந்து நிற்கிறார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

என் கண்ணில் முழுக் கதையும் ஏப்ரல் 29ஆம் திகதியில் இருக்கிறது. அன்று பிற்பகல், லிபரல் டெமோக்ரட் கட்சி தனக்குக் கிடைத்த எதிர்க்கட்சி நாளை, அதாவது விவாதிக்கும் விடயத்தை எதிர்க்கட்சியே தெரிவுசெய்யும் நாளை, கூர்க்காக்களுக்காகச் செலவழித்தது. நிக் கிளெக் கொண்டுவந்த தீர்மானத்தை கமரூனின் கொன்சவேட்டிவ் கட்சியும் ஆதரித்தது, 27 தொழிற்கட்சி உறுப்பினர்களும் தங்கள் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். 267க்கு 246 என்று கோர்டன் பிரவுனின் அரசு தோற்றது. அந்தத் தீர்மானம் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அரசு அதற்குப் பிறகு நிமிரவில்லை. மே 6 லம்லி பிரதமரைச் சந்தித்தார். அடுத்த நாள் குடிவரவு அமைச்சர் ஃபில் வூலஸை பிபிசியின் வெஸ்ட்மின்ஸ்டர் கலையகத்தில் வைத்துப் பிடித்து, கமராக்களுக்கு முன்னாலேயே அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பேச வைத்தார். மே 21ஆம் திகதி, நாலு வருடம் சேவை செய்த எல்லோரும் வரலாம் என்று உள்துறை அமைச்சர் அறிவித்தார்.

அதே ஏப்ரல் 29ஆம் திகதி வெளிவிவகார அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் எங்கே இருந்தார்? கொழும்பில். பிரான்ஸின் வெளிவிவகார அமைச்சர் பேர்னார் குஷ்னரோடு போய், போர்நிறுத்தம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தார். அதாவது, எங்களுக்காகவும் அன்று ஒருவர் போயிருக்கிறார். நாங்கள் சதுக்கத்தில் நின்றதால்தான் போயிருக்கிறார் என்பதற்கும் சான்று இருக்கிறது.

2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் மூலம் வெளிவந்த அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்றில், பிரித்தானிய வெளிவிவகாரத் துறை அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களிடம் மனம் திறந்து பேசியது பதிவாகியிருந்தது. ஏப்ரல் 6 தொடக்கம் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கும் தமிழர்களின் சத்தம்தான் அமைச்சர்களின் கவனத்துக்குப் பெரிய காரணம், பொதுத்தேர்தல் வரப்போகிறது, குறைந்த பெரும்பான்மை உள்ள தொழிற்கட்சித் தொகுதிகளில் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள், மிலிபாண்ட் தன் நேரத்தில் 60 வீதத்தை இலங்கைக்கே செலவழிப்பதாகச் சொன்னார் என்று அதில் இருந்தது. அதை முதல் தரம் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஆட்களின் சாவை வாக்குக் கணக்காகப் பார்த்திருக்கிறார்களே என்று. இப்போது அந்தக் கோபம் இடம் மாறிவிட்டது. வாக்கைக் கணக்குப் பார்ப்பது அரசியல்வாதியின் தொழில். அந்தக் கணக்கில் நாங்கள் இருந்தோம் என்பதே பெரிய விடயம். என்னை இப்போது உறுத்துவது அந்த 60 வீதம். ஒரு வல்லரசின் வெளிவிவகார அமைச்சருடைய நேரத்தில் பாதிக்கு மேல் எங்களுக்குக் கிடைத்தது. அதை வைத்து அவரால் என்ன செய்ய முடியும் என்பது எங்களிடம் தயாராக இருந்ததா?

கூர்க்காக்கள் கேட்டதை ஓர் அமைச்சர் ஒரு கையெழுத்தில் கொடுக்கலாம். எந்த விதியை மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும் என்று அவர்களுடைய வழக்கறிஞர்கள் எழுதியே வைத்திருந்தார்கள், நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தது, அரசைத் தோற்கடிக்க ஆசைப்பட்ட இரண்டு கட்சிகள் காத்திருந்தன. நாங்கள் கேட்டது கொழும்பின் கையில் இருந்த ஒன்று. லண்டனால் அதைக் கொடுக்க முடியாது, நெருக்கத்தான் முடியும். நெருக்குவதற்கு லண்டனின் கையில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போட்டுக் கேட்டவர்களும் எங்களில் இருந்தார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் கடன், ஐரோப்பிய வரிச் சலுகை எல்லாம் அன்றே பேசப்பட்டன. ஆனால் சதுக்கத்தில் அந்தப் பேச்சு கோஷங்களுக்குக் கீழே அமுங்கிப்போனது. ஜூலையில் இலங்கைக்கு 2.6 பில்லியன் டொலர் கடன் வாக்கெடுப்புக்கு வந்தபோது பிரித்தானியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. கடன் போய்ச் சேர்ந்தது, அதற்குள் எல்லாம் முடிந்தும் இருந்தது. இதை அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களின் குறையாக நான் எழுதவில்லை. செத்துக்கொண்டிருக்கும் உறவினரை நினைத்து நிற்கிற மனிதரிடம் போய் நாணய நிதியத்தின் வாக்கு வீதம் பற்றிப் பேசு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வேலையைச் செய்ய முன்கூட்டியே கட்டியெழுப்பிய அமைப்புகள் வேண்டும், பல வருடப் பழக்கம் வேண்டும், சம்பளத்துக்கு ஆட்கள் வேண்டும். எங்களிடம் அது அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

பத்திரிகை எழுதிய கதை

இன்னொரு வித்தியாசமும் இருந்தது, அது எங்கள் கையில் இருந்ததே இல்லை. கூர்க்காக்களின் கதை ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் பழகிய கதை: விசுவாசமான போர்வீரன், நன்றி மறந்த அரசு. வலதுசாரிப் பத்திரிகைகளும் அவர்களைத் தூக்கி வைத்து எழுதின. நாங்கள் மறிக்கப்பட்ட வீதியாகவும், பொலிஸ் செலவாகவும், கொடியாகவும் தெரிந்தோம். 2001 முதல் தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்றின் கொடி அங்கே பறந்ததால், எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று படம் எடுக்கவே பல எம்.பி.க்கள் தயங்கினார்கள். சரி, அதைக்கூட ஒரு வாதமாக ஏற்றுக்கொள்ளலாம். அக்டோபரில் நடந்ததை ஏற்கவே முடியாது.

சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்த பரமேஸ்வரன், இரகசியமாக மக்டொனால்ட்ஸ் பேர்கர் சாப்பிட்டார், பொலிஸார் அதைக் கருவி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று டெய்லி மெயில் பத்திரிகையும் சன் பத்திரிகையும் எழுதின. அப்படியொரு கண்காணிப்புப் பதிவு இருக்கவே இல்லை. அவர் வழக்குப் போட்டார், 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் பொய் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டன, நட்டஈடாக மொத்தம் 77,500 பவுண் கொடுத்தன. அந்த இடைப்பட்ட மாதங்களில் அவருடைய சொந்தச் சமூகமே அவரைத் துரோகியாகப் பார்த்தது என்பதை நம்மில் பலர் வெளியே பேச விரும்புவதில்லை. இன்றும் ஆங்கிலேய சக ஊழியர் ஒருவரிடம் அந்தப் போராட்டத்தைப் பற்றிச் சொன்னால், பேர்கர் கதை அவருக்கு ஞாபகம் இருக்கும், மன்னிப்பு ஞாபகம் இருக்காது. நட்டஈட்டுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு போராட்டம் உண்மையானது என்ற நம்பிக்கையை அது திருப்பித் தராது.

பத்திரிகைகளை நெறிப்படுத்துவது பற்றி லெவிசன் விசாரணை 2011இல் தொடங்கியபோது நான் நிறைய எதிர்பார்த்தேன். அதன் இரண்டாம் பாகம், பத்திரிகைக்கும் பொலிஸுக்கும் இடையிலான உறவைப் பார்க்க வேண்டிய பாகம், 2018 மார்ச்சில் அரசால் கைவிடப்பட்டது. பொலிஸ் சொன்னதாகச் சொல்லி எழுதப்பட்ட ஒரு பொய்யால் அழிந்த மனிதரை நேரில் கண்ட எங்களுக்கு அந்தப் பாகம் எவ்வளவு தேவை என்று தெரியும்.

அதே ஊடகம் நல்லதும் செய்யும். போஸ்ட் ஒஃபிஸ் விவகாரம் அதற்குச் சாட்சி. லண்டனில் தமிழர் பலர் கடையோடு தபாலகத்தையும் சேர்த்து நடத்துகிறவர்கள் என்பதால் இது எங்கள் வீடுகளில் வேறு விதமாகப் பார்க்கப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் கணினி முறை தப்பாகக் காட்டிய பற்றாக்குறைக்காக 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் அதிகம். சர்ரேயில் தபாலகம் நடத்திய சீமா மிஸ்ரா கர்ப்பிணியாக இருந்தபோது, மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார். கொம்பியூட்டர் வீக்லி என்ற சிறு பத்திரிகை 2009 மே மாதமே இதை எழுதிவிட்டது. அலன் பேட்ஸ் அதே வருடம் பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். 2010இல் தபால்துறை அமைச்சரைச் சந்திக்க நேரம் கேட்டபோது, சந்திப்பதால் பயன் ஏதும் இருக்காது என்று முதலில் பதில் வந்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019இல் வென்றார்கள், கிடைத்த 57.75 மில்லியன் பவுணில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போனது. நீதிபதி சொல்லியும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் 39 பேரின் தண்டனையை நீக்கியும், பொது விசாரணை நடந்துகொண்டிருந்தும், நாடு அசையவில்லை.

2024 ஜனவரி முதல் நாலு இரவுகள் ஐரிவி தொலைக்காட்சியில் இந்த விவகாரத்தைப் பற்றி ஒரு நாடகம் போனது. ஒரு கிழமைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் போஸ்ட் ஒஃபிஸின் முன்னாள் தலைமை நிர்வாகியின் கௌரவப் பட்டத்தைப் பறிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள், ஜனவரி 9 அவரே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார், ஜனவரி 10 பிரதமர் சுனக் பாராளுமன்றத்தில் எழுந்து எல்லாத் தண்டனைகளையும் சட்டத்தால் நீக்குவோம் என்றார், மே மாதம் அது சட்டமாகவும் ஆனது. என் பெறாமகளின் பாடத்தில் இதை ஊடகத்தின் வெற்றி என்று எழுதலாம். எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் நாடகம் வருவதற்கு முன்பே ஆதாரம் முழுவதும் வெளியில் கிடந்தது. புதிதாக ஒரு தகவல்கூட அந்த நாலு இரவில் வரவில்லை. அமைச்சர்களுக்கு முதல் நாளும் தெரிந்திருந்தது, அடுத்த நாளும் தெரிந்திருந்தது. இடையில் மாறியது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிட்டது என்பது மட்டும்தான். அதற்காக அவர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குள் பலர் செத்தும் போனார்கள். நல்ல நடிகர் கிடைக்காத துயரங்கள் இந்த நாட்டில் இன்னும் எத்தனை வரிசையில் நிற்கின்றன என்ற கேள்வி, அந்த வெற்றியைக் கொண்டாட விடாமல் என்னைத் தடுத்தது.

குறுஞ்செய்தி அனுப்பியவர்

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2020 மார்ச், கொவிட் தொடங்கிய நேரம். முன்னாள் பிரதமர் டேவிட் கமரூன் அப்போது கிரீன்சில் கபிட்டல் என்ற நிதி நிறுவனத்தில் வேலை செய்தார். அரசின் கொவிட் கடன் திட்டத்தில் அந்த நிறுவனத்துக்கும் இடம் வேண்டும். அவர் வீதியில் இறங்கவில்லை, மனுப் போடவில்லை. நிதியமைச்சராக இருந்த சுனக்குக்கும், திறைசேரியின் உயர் அதிகாரிக்கும், இங்கிலாந்து வங்கியில் இருந்தவர்களுக்கும் குறுஞ்செய்தி, வட்ஸ்அப், மின்னஞ்சல் என்று சில மாதங்களில் 56 செய்திகள் அனுப்பினார். அவற்றில் ஒன்றின் கீழே, நண்பருக்கு எழுதுவதுபோல் அன்புடன் டிசி என்று ஒப்பமிட்டிருந்தார். அதிகாரிகள் கிரீன்சில்லோடு பல தடவை பேசினார்கள், வேறு வழி உண்டா என்று பார்த்தார்கள், கடைசியில் முடியாது என்றார்கள். நிறுவனம் 2021 மார்ச்சில் விழுந்தது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டதே, அப்படியென்றால் அமைப்புச் சரியாக வேலை செய்திருக்கிறதே என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். நாடு முழுவதும் கடைகள் மூடிக் கிடந்த அந்த வாரங்களில், ஒரு தனி நிறுவனத்தின் விண்ணப்பம் இத்தனை உயரத்தில், இத்தனை விரைவில், இத்தனை தடவை ஆராயப்பட்டது. அலன் பேட்ஸுக்கு அமைச்சரோடு ஒரு சந்திப்புக் கிடைக்கவே எவ்வளவு பாடு? அதோடு வைத்துப் பார்த்தால் யாருடைய நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பது விளங்கும். பதில் இல்லை என்று வந்தாலும், கேட்கப்பட்டார் அல்லவா.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பெறாமகளிடம் நான் இப்போது விரிவாகச் சொல்வேன். லொபிக்காரர் பதிவாளர், கமரூன் சட்டத்தை மீறினாரா என்று ஆராய்ந்தார். மீறவில்லை என்று முடிவு வந்தது. ஏனென்றால் அவர் கிரீன்சில்லின் ஊழியர். 2014ஆம் ஆண்டின் லொபி வெளிப்படைத்தன்மைச் சட்டம், கூலிக்கு மற்றவர்களுக்காக லொபி செய்யும் ஆலோசகர்களைத்தான் பதியச் சொல்கிறது. அதிலும் அவர்கள் அமைச்சர்களையும் துறைகளின் நிரந்தரச் செயலாளர்களையும் நேரடியாகத் தொடர்புகொண்டால் மட்டும்தான். சொந்த நிறுவனத்துக்காகப் பேசுகிற ஊழியர் பதியத் தேவையில்லை, அமைச்சரின் விசேட ஆலோசகரோடு பேசுகிறவரும் பதியத் தேவையில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது கமரூனின் அரசு. லொபிதான் வெடிக்கக் காத்திருக்கும் அடுத்த பெரிய ஊழல் என்று 2010இல், பிரதமராவதற்குச் சில மாதம் முன்பு, அவரே மேடையில் எச்சரித்தும் இருந்தார்.

அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி தொண்டு நிறுவனங்களையும் போராட்டக் குழுக்களையும் பிடித்தது. பொதுத்தேர்தலுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில், வாக்காளரைப் பாதிக்கக்கூடிய பிரசாரத்துக்கு இங்கிலாந்தில் 20,000 பவுணுக்கு மேல் செலவு செய்தால் தேர்தல் ஆணைக்குழுவில் பதிய வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்று அது 2014இல் விதித்தது. பல தொண்டு நிறுவனங்கள் பயத்தில் வாயை மூடிக்கொண்டன. வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே அதை அழைத்தார்கள். ஒரே சட்டம். துண்டுப்பிரசுரம் அடிக்கிற குழுவிடம் ரசீது கேட்கிறது, நிதியமைச்சரின் தொலைபேசி இலக்கம் வைத்திருக்கிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. பதிவாளரின் முடிவை வாசித்த நாளில்தான், "சனம் திரண்டால் கேட்பார்கள்" என்ற வசனத்தில் என்னை இத்தனை நாள் உறுத்தியது எது என்று பிடிபட்டது. திரள வேண்டிய தேவை இருப்பது, உள்ளே ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

சிந்தனைக் குழாம்கள் இன்னும் ஒரு படி முன்னால் போய் நிற்கின்றன. அன்ரனி ஃபிஷர் என்ற கோழிப்பண்ணைக்காரர் அரசியலுக்கு வர ஆசைப்பட்டு ஹயெக் என்ற பொருளியலாளரிடம் போனாராம். அரசியலை விடு, கருத்துகளை உருவாக்குகிறவர்களைப் பிடி என்று அவர் புத்தி சொன்னார். 1955இல் பொருளாதார விவகார நிறுவனம் பிறந்தது இப்படித்தான். பதவிக்கு வருகிற ஆளின் தலைக்குள் எது நடைமுறைக்கு உகந்தது, எது பைத்தியக்காரத்தனம் என்ற எல்லைக்கோட்டை முப்பது வருடம் முன்பே போய் வரைந்துவிட்டால், பிறகு அவரிடம் எதையும் கேட்க வேண்டியதே இல்லை. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி லிஸ் ட்ரஸ்ஸின் அரசு கொண்டுவந்த 45 பில்லியன் பவுண் வரிக் குறைப்பை அந்த நிறுவனம் வெளிப்படையாக வரவேற்றது. அங்கே வேலை செய்தவரும், வரியைக் குறைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்யும் வரி செலுத்துவோர் கூட்டணியின் முன்னாள் தலைவரும் ட்ரஸ்ஸின் அலுவலகத்தில் இருந்தார்கள். பவுண் விழுந்தது, இங்கிலாந்து வங்கி தலையிட்டது, வீட்டுக் கடன் வட்டி 6 வீதத்தைத் தாண்டியது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அந்த மாதம் கடன் புதுப்பிக்க வேண்டியிருந்தவர்கள் இன்னும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ட்ரஸ் போய்விட்டார், அந்த நிறுவனம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பவர்களின் முழுப் பெயர்ப்பட்டியலை அது வெளியிடுவதில்லை, வெளியிடு என்று சட்டமும் சொல்வதில்லை. இடதுசாரிப் பக்கத்திலும் சிந்தனைக் குழாம்கள் உண்டு, ஃபேபியன் சங்கம் 1884இலேயே தொடங்கியது. யார் பக்கம் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. பணம் யாருடையது என்று தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

இதில் என்னை மிகவும் பாதித்தது ஒன்று இருக்கிறது. 2022இலும் 2023இலும் வந்த பொலிஸ், பொது ஒழுங்குச் சட்டங்கள் வீதிப் போராட்டத்தை இறுக்கின: சத்தம் அதிகம் என்றாலே பொலிஸ் நிபந்தனை போடலாம், தன்னைத்தானே எதிலாவது பிணைத்துக்கொள்வது குற்றம். பொலிசி எக்ஸ்சேஞ்ச் என்ற சிந்தனைக் குழாமின் விருந்து ஒன்றில் 2023 ஜூனில் பேசிய சுனக், போராட்டச் சட்டத்தை வரைய உங்கள் அறிக்கை உதவியது என்று நன்றி சொன்னார். அன்று பிரதமராக இருந்த அவரே ஒருகாலத்தில் அங்கே வேலை செய்தவர். எக்ஸொன்மொபில் எண்ணெய் நிறுவனம் 2017இல் அந்தக் குழாமின் அமெரிக்கக் கிளைக்கு 30,000 டொலர் கொடுத்திருந்தது. ஏப்ரல் 2009இல் நாங்கள் பறை அடித்துக்கொண்டு நின்ற மாதிரி இன்று ஒரு சமூகம் அங்கே 73 நாள் நிற்க முடியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று முடித்தால் அது உண்மையாக இருக்காது. 2025 மார்ச் 24ஆம் திகதி பிரித்தானியா நாலு பேர்மீது தடை விதித்தது: முன்னாள் இராணுவத் தளபதிகள் சவேந்திர சில்வா, ஜகத் ஜயசூரிய, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா. இதன் பின்னால் சதுக்கத்தில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள், சாட்சியங்களைக் கோவையாகக் கட்டியவர்கள், எம்.பி.க்களின் வாராந்தச் சந்திப்பு நேரத்தில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தவர்கள். கோரிக்கையின் உருவமே மாறியிருந்தது. இன்ன பெயர், இன்ன ஆதாரம், 2020ஆம் ஆண்டின் மனித உரிமைத் தடை விதிகள், கையெழுத்துப் போட வேண்டியவர் வெளிவிவகார அமைச்சர். தேர்தல் நேரத்தில் கொடுத்த வாக்கு இது என்று அமைச்சர் டேவிட் லாமி அறிவிப்பிலேயே சொன்னார். பதினாறு வருடம் பிந்தி வந்தது, ஒருவரும் இதனால் சிறைக்குப் போகவில்லை, போதாது. ஆனாலும் 2009இல் கிடைத்த அந்த 60 வீத நேரத்தில் எங்களிடம் இல்லாமல் இருந்தது இப்போது எங்களிடம் இருக்கிறது. 2024இல் உமா குமரன் பாராளுமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தும் விட்டார்.

அதனால் இந்த முறை மனுவில் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தாமல் எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதமும் எழுதினேன், ஈழத்தைப் பற்றி அல்ல. 2014 சட்டத்தைத் திருத்தச் சொல்லி. நிறுவனத்தின் சொந்த ஊழியர் லொபி செய்தாலும் பதிய வேண்டும், விசேட ஆலோசகர்களோடு பேசினாலும் பதிய வேண்டும், அரசுக்குக் கொள்கை எழுதிக் கொடுக்கிற எந்தச் சிந்தனைக் குழாமும் பெரிய நன்கொடையாளர்களின் பெயரை வெளியிட வேண்டும். ஸ்கொட்லாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொந்த ஊழியர்கள் நேருக்கு நேர் செய்யும் லொபியையும் பதியச் சொல்கிறது; அயர்லாந்தின் சட்டம் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டு நாட்டிலும் அரசாங்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தத் திருத்தத்தை நீங்கள் ஆதரிப்பீர்களா, ஆதரிக்காவிட்டால் எந்தக் காரணத்துக்காக என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.